பத்ரியின் அனுமதி

ஜூலை 3, 2006. சைனிக்புரி

இன்றும் குழாயில் தண்ணீர் வரவில்லை. புகார் கொடுக்கக் கிளம்பும்போது அமெரிக்காவிலிருந்து சந்தீப் பேசினான், என் பிள்ளை பத்ரியுடன் தங்கியிருப்பவன். பத்ரியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். என்ன வியாதி என்று அவனுக்கும் தெரியாதாம். பிள்ளை போனை எடுக்கவே இல்லை.

ஜூலை 4

ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். நோயாளியின் அனுமதி இல்லாமல் எதுவும் சொல்லக்கூடாதாம், சட்டமாம். பெற்ற அப்பன் என்றேன். போனை எடுத்த பெண் மறுபடியும் அதையே தேனொழுகச் சொன்னாள். அப்படியானால் அவனிடம் அனுமதி கேளம்மா என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 6

மாடியில் குடியிருக்கும் நஸ்ரினுக்குக் குகட்பள்ளியில் வேலை. அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு, நோயாளிகளின் ரிப்போர்ட் அடிப்பாள். ஆஸ்பத்திரிப் பெயரைச் சொன்னதும் முகம் மாறியது.

"அது எங்களுக்குத்தான் வருது அங்கிள்."

என் பிள்ளையின் வியாதி பஸ்ஸில் போய்விடும் தூரத்தில் இருக்கிறது! ஒரே ஒரு தடவை பாரும்மா என்றேன்.

"எதையும் வெளிய சொல்லமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன் அங்கிள். உள்ள பேனாகூட விடமாட்டாங்க. தெரிஞ்சா என் வேலையே போயிடும்."

என்ன பொல்லாத கையெழுத்து! வீட்டைக் காலி பண்ணச் சொல்லலாமா என்றுகூட நினைப்பு ஓடியது. சீ, என்ன புத்தி.

ஜூலை 7

பெற்றவள் அல்லவா, ரமா சாப்பிடவில்லை.

ஜூலை 9

ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் பேசினேன். பத்ரியிடம் கேட்டுவிட்டார்களாம். வீட்டுக்கு எதுவும் சொல்ல வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டானாம். ஏண்டா? நான் உனக்கு என்னடா பண்ணினேன்?

ரமாவிடம் கத்தினேன். அவள் கத்தவில்லை.

"முப்பது வருஷம் டிஃபென்ஸ் லேப்ல என்ன வேலை பண்றேள்னு எங்கிட்ட ஒரு நாள் சொன்னேளா? கேட்டா, கையெழுத்துப் போட்டிருக்கேன்னேள். அவன் அதைப் பார்த்துண்டுதானே வளர்ந்தான்."

அது தேச ரகசியம், இது வேறு. வேறுதானே?

ஜூலை 13

வேலையிலிருந்து வந்த நஸ்ரினை வாசலில் பார்த்தேன். தினமும் "சாப்டாச்சா அங்கிள்?" என்று கேட்கும் பெண், இன்று தலையைக் குனிந்துகொண்டு படியேறினாள். பாதியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பத்ரியின் ரிப்போர்ட் அவள் கைக்கு வந்திருக்கிறது.

ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுவாள். நாக்கு நுனிவரை வந்தது. நான் கேட்கவில்லை.

ஜூலை 14

இரண்டு பேருக்கும் விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டேன். நேர்காணலுக்குச் சென்னை போக வேண்டும், அடுத்த மாதம்தான் தேதி கிடைத்தது. அதுவரை என்ன செய்வது?

"திடீர்னு எதுக்கு விசா? ஏதாவது தெரிஞ்சுதா?" என்றாள் ரமா.

ஒன்றும் தெரியாது என்றேன். லேபிலிருந்து வீடு திரும்பிய நாளெல்லாம் சொன்ன அதே குரலில். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தாள்.