விலக்கி வைத்த வரி

ஜமுனாமரத்தூர், 14.3.1981

அன்புள்ள செந்தாமரைக்கு,

பட்டியலைப் பச்சை மையில் எழுதுவதென்று ஊர்க்கூட்டம் மூன்று மணி நேரம் விவாதித்து ஏகமனதாகத் தீர்மானித்தது. சரித்திரத்தில் இடம்பெற வேண்டிய நாள்.

புளியந்தோப்பு யாருக்கு என்ற சண்டையில் வீடு எரிந்து மலையடிவாரத்துச் சந்தவாசலுக்கு ஓடிய, உன் அம்மா வீடும் சேர்ந்த பதினோரு குடும்பங்களும் இனி மலைக்குத் திரும்பலாம். யார் யார் என்று எழுதும் வேலை வாத்தியாரான எனக்கு. மாதிரிக்காக பைபிளில் எஸ்றா என்ற பகுதியைப் படித்துக் காட்டினேன். பாபிலோனிலிருந்து திரும்பிய யூதக் குடும்பங்களின் பெயர்கள் அதில் பக்கம் பக்கமாக இருக்கும். அது வெறும் பெயர்க் கோவை அல்ல, பறிபோன மண்ணுக்கு அவர்கள் காட்டிய பட்டா என்று விளக்கினேன். வம்சம் சொல்ல முடியாதவர்களை விலக்கி வைத்த வரியையும் படித்தேன். அதை விட்டிருக்கலாம்.

ஊர்க்கவுண்டர் நிமிர்ந்தார். "இன்னா வாத்தியாரே, சாமி புஸ்தகத்துலயே அப்பிடித்தான் போட்டிருக்குதா? அப்போ சின்னக்குழந்தைக்கு அப்பன் யாருன்னு அவனையே கேளுங்க."

உன் அப்பா இறந்து மூன்று வருடம் கழித்துப் பிறந்த உன் தம்பி சின்னக்குழந்தை எழுந்தான்.

"எங்கம்மா பேரை எழுதிக்குங்க. தோப்பை நட்டது அவதான்."

"பொம்பள பேர்ல ஏதுடா வகையறா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் கவுண்டரின் துண்டைப் பிடித்து இழுத்தான். அரிவாள்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. உன் தம்பி உடம்பில் ஏழு வெட்டு என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நான் எண்ணவில்லை, பேனாவை மூடிக்கொண்டிருந்தேன்.

இதை இன்றே கீழே இறங்கும் முனியனிடம் கொடுத்தனுப்புகிறேன். பட்டியலில் பெயர் இல்லாதவனை ஊர் எல்லைக்குள் புதைக்கக் கூடாதாம். அவனை ஏற்றிய லாரி நாளை பதினோரு மணிக்குச் சந்தவாசல் வரும்.

உன் கணவன்