பாதி விலை எண்ணெய்

எதிர்வீட்டு அக்காவுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்பது மரியாதை, கேட்டுவிட்டேன். அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் கை வரவில்லை. போனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் நீங்கள் சிரித்து மழுப்புவீர்கள், எனக்கு அழுகை வரும், கடைசியில் பேரனுக்குச் சளி தேவலையா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன். கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன், முழுவதும் படியுங்கள்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இவருக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்க்க வேண்டும். சம்பளம் பழைய அளவுக்கு இல்லை, ஆனால் ஒன்றரை வருஷம் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் இப்போது காலையில் விசிலடித்துக்கொண்டு சவரம் செய்கிறார். பெரியவள் நன்றாகப் படிக்கிறாள். நீங்கள் பிள்ளை வீட்டோடு போன பிறகு உங்கள் வீட்டுக்குப் புதிதாக ஒரு கணவன் மனைவி வந்திருக்கிறார்கள். எப்போதும் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள். சின்னவன் இரண்டு தடவை பழக்க தோஷத்தில் தட்டிவிட்டுத் திட்டு வாங்கினான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இவர் முதல் சம்பளத்தைக் கையில் கொடுத்ததும் நான் செய்த முதல் காரியம், நாம் போகும் அந்தப் பெரிய கடையில் என் பெயருக்கு ஒரு சலுகைக் கார்டு வாங்கியதுதான். நீங்கள் இருந்தவரை உங்கள் கார்டில் ஓட்டினேன், இனி நானே பார்த்துக்கொள்வேன் என்று ஒரு பெருமை. தள்ளுவண்டி நிறைய எடுத்து வைத்தேன். எண்ணெய் இரண்டு டின், பருப்பு, பால் பவுடர், துணிக்குப் போடும் தூள். கூப்பன்களை எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு ரகவாரியாகக் கொண்டு போயிருந்தேன். நாய் பிஸ்கட் கூப்பன்கூட இருந்தது. வீட்டில் நாய் இல்லை, இருந்தாலும் வெட்டிய கூப்பனை எறிய எனக்கு மனசு வராது என்பது உங்களுக்குத்தான் தெரியுமே.

பில் போடும் பெண் எண்ணெய்க்கு முழு விலை போட்டாள். கார்டுக்குப் பாதி விலை ஆயிற்றே என்றேன். அப்படி எதுவும் இல்லை என்றாள். பருப்புக்கு? இல்லை. பால் பவுடருக்கு ஒன்று வாங்கினால் ஒன்று? அதுவும் இல்லை. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஒன்றரை வருஷமாக வாங்குகிறேன், இன்றைக்குத் தனியாக வந்தேன் என்பதற்காக ஏமாற்றப் பார்க்கிறாயா என்று கத்தினேன். பின்னால் வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். மேனேஜர் வந்தார். அவரிடமும் கத்தினேன். உங்கள் பெயரைச் சொல்லி, அந்த அக்காவுக்குக் கொடுத்த சலுகையை எனக்கு ஏன் தரமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டேன்.

அந்தப் பெண் நல்ல பெண். என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் மெல்லச் சொன்னாள்.

"அவங்க முழு விலைதான் குடுப்பாங்கக்கா. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க."

சாமான்களை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். பக்கத்துத் தெருவரை நடந்த பிறகுதான் பையை அங்கேயே வைத்துவிட்டது தெரிந்தது. திரும்பிப் போக முகம் இல்லை. நல்ல பை அது.

அக்கா, நான் உங்களிடம் கேட்டேனா? ஒரு நாளாவது கை நீட்டினேனா? என் பங்கு எவ்வளவு என்று நீங்கள் சொன்னதும் சில்லறை உட்பட எண்ணி வைப்பேன். நீங்கள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வீர்கள். கார்டு உங்கள் பெயரில் இருப்பதால் பில் போடும் இடத்தில் நீங்கள் மட்டும்தான் நிற்க வேண்டுமாம், கூட ஆள் நின்றால் சலுகை கிடைக்காதாம். இதையும் நம்பி நான் பைகளோடு வாசலில் நின்றிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குத் தெரியும், வாசலில் நிற்கும் காவல்காரருக்கும் தெரிந்திருக்கும். நான் ஒருத்திதான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கீழ்வீட்டுக்காரி என்னிடம் சிக்கனம் கற்றுக்கொள்ள வந்தாளே, நினைவிருக்கிறதா? முழு விலை கொடுத்து வாங்குகிறவள் மாதிரி முட்டாள் உலகத்தில் கிடையாது என்று அவளிடம் வாய் கிழியப் பேசினேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கூலிக்கு யாருடைய பேன்ட்டையோ மடித்துத் தைத்துக்கொண்டிருந்தீர்கள். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினீர்கள். அன்று காலையில்தான் எனக்காக எண்ணெய் வாங்கியிருந்தீர்கள். எப்படி அக்கா சிரிக்காமல் இருந்தீர்கள்? அல்லது உங்கள் வீட்டுக்குப் போன பிறகு சிரித்தீர்களா?

இதைக்கூட விட்டுவிடுவேன். இவருடைய அண்ணன் விஷயத்தைத்தான் விட முடியவில்லை. இவருக்கு வேலை போன நாலாம் மாதம் அவர் ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். நான் வண்டிக்காரரைக் கீழேயே நிற்க வைத்துத் திருப்பி அனுப்பினேன். எங்கள் குடும்பத்தை நடத்த எங்களுக்குத் தெரியும், யார் சோறும் எங்களுக்கு வேண்டாம் என்று ஓர்ப்படிக்குப் போன் போட்டும் சொன்னேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் எங்கள் வாசற்படி ஏறவில்லை. இவர் வாய் திறந்து கேட்கவில்லை, ஆனால் அண்ணன் என்ற பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார். மூட்டையைத் திருப்பி அனுப்பிய அன்று எனக்கு இருந்த திமிர் உங்கள் காசில் வந்த திமிர். உண்மை தெரிந்திருந்தால் அந்த அரிசியை வாங்கியிருப்பேன். இவரோடு கூடப்பிறந்தவர் கொடுத்ததை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, எதிர்வீட்டில் வாங்கித் தின்றிருக்கிறேன். அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்?

ஒரு பேன்ட் மடித்துத் தைத்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா? கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று கிராம்பை அடக்கிக்கொண்டு மாசக்கணக்கில் உட்கார்ந்திருந்தீர்கள். டாக்டரிடம் போங்கள் என்று நான் எத்தனை தடவை கத்தினேன்! கஞ்சத்தனத்துக்கும் ஓர் அளவு உண்டு என்றுகூடச் சொன்னேன். கடைசியில் பல்லைப் பிடுங்கிவிட்டுக் கன்னம் வீங்கி வந்தீர்கள். அந்தப் பல் எங்கள் வீட்டு எந்த டின்னுக்குப் போனது, சொல்லுங்கள்.

இவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நேற்று கிடங்கில் கூட வேலை செய்கிறவர் ஒருவர் சாப்பிட வந்திருந்தார். இவர் அவரிடம் என்னைக் காட்டி, ஒன்றரை வருஷம் சம்பளம் இல்லாமல், யாரிடமும் கை ஏந்தாமல், இவள் ஒருத்தி கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு குடும்பத்தை ஓட்டினாள் என்றார். நான் என்ன செய்ய? ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு மோர் எடுத்து வர உள்ளே போனேன். உங்கள் மேல் கோபம் அப்போதுதான் இன்னும் அதிகமானது. என்னையும் இதற்குப் பழக்கிவிட்டீர்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை இவருடைய அண்ணன் வீட்டுக்குப் போகலாம் என்று நானே சொல்லியிருக்கிறேன். என்ன திடீரென்று என்றார். ஓர்ப்படியைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது என்றேன். அங்கே போய் என்ன சொல்வேன் என்று இன்னும் தெரியவில்லை. அவள் சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவேன், மிச்சத்தைக் கட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். அதுவரை யோசித்திருக்கிறேன்.

பணத்தைத் திருப்பி அனுப்பலாம் என்று முதலில் நினைத்தேன். நீங்கள் வாங்க மாட்டீர்கள், எவ்வளவு என்றும் சொல்ல மாட்டீர்கள். அதனால் வேறொன்று கேட்கிறேன், அதற்குப் பொய் இல்லாமல் பதில் எழுத வேண்டும். எதெது நிஜம்? முட்டைக்குக் கிடைத்த தள்ளுபடி நிஜமா? சோப்பு நிஜமா? கடை மூடும் நேரத்தில் நான் பொறுக்கி எடுத்து வந்த காய்கறி என் சாமர்த்தியம்தானா, இல்லை அங்கேயும் முன்கூட்டியே யாரிடமாவது சொல்லி வைத்திருந்தீர்களா? பற்பசைக் குழாயை வெட்டி வழித்தது, பருப்பில் பாதியைக் குறைத்துப் பூசணி சேர்த்தது, கரன்ட் மிச்சம் பிடிக்க இருட்டில் துணி மடித்தது, இவையெல்லாம் நான் செய்தவை. அவ்வளவுதான் என்னுடையது என்றால் அவ்வளவுதான் என்று எழுதுங்கள். அந்த ஒன்றரை வருஷத்தில் என் கையால் நான் காப்பாற்றியது எவ்வளவு என்று எனக்குத் தெரிய வேண்டும். இது இல்லாமல் என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை அக்கா.

உங்கள் பிள்ளையிடம் சொல்லிப் பல் கட்டிக்கொள்ளுங்கள். மருமகளுக்கு வேலை மிச்சம் என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்யாதீர்கள். நான் பட்ட மாதிரி ஒரு காலம் உங்களுக்கு வரவே கூடாது. அப்படி வந்துவிட்டால், உங்களை மாதிரி முகம் மாறாமல் பொய் சொல்லத் தெரிந்த ஒருத்தியை ஆண்டவன் உங்கள் எதிர்வீட்டில் குடிவைக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் தீராத,
உங்கள் எதிர்வீட்டுக்காரி