அம்மாவுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது

உத்திரமேரூர்
26-2-80, செவ்வாய் இரவு

அன்புள்ள வேதகிரி அண்ணாவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே, உன் அறையில் கூட இருப்பவர்களுக்குக்கூடக் காட்டாதே, படித்ததும் கிழித்துவிடு. அம்மா காதோரம் சொல்லச் சொல்ல நான் கனகா எழுதுகிறேன். நைனா தூங்குகிறார். அம்மா நலம். எல்லாக் கடிதத்திலும் முதல் வரியில் வருவதுதானே என்று தாண்டிப் போய்விடாதே அண்ணா, அம்மா மெய்யாகவே நலம், இன்று களத்தில் நெல் தூற்றினாள், ராத்திரி களி சாப்பிட்டாள், இதோ என் பக்கத்தில் உட்கார்ந்து கொசு விரட்டிக்கொண்டிருக்கிறாள். மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி என்று மத்தியானம் உனக்குக் கொடுத்த தந்தி பொய். கொடுத்தது நைனா. நீ வராதே.

காலையில் உன் காமிக்ஸ் கம்பெனி மேனேஜர் ஒரு போலீஸ்காரரோடு ஜீப்பில் வந்தார். பெரிய முதலாளி போன பிறகு அவர் மகன் பழைய அச்சுப் பிலிம்களை எல்லாம், கரைத்து அதிலிருக்கும் வெள்ளியை எடுக்கிறவர்களுக்கு எடைக்குப் போடுகிறார் என்று பொங்கலுக்கு வந்தபோது சோறு இறங்காமல் சொன்னாயே, சீமையிலிருந்து கப்பலில் வந்து, நீ இங்கிலீஷை எடுத்துவிட்டு உன் கையெழுத்தில் தமிழ் வைத்து, கம்பெனி முதன்முதலில் போட்ட அந்த அறுபது காசுப் புத்தகத்தின் பிலிமை மட்டும் யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து பரணில் வைத்தாயே, அதைத்தான் கேட்கிறார்கள். வேறொரு கம்பெனி அந்தக் கதையை மறுபடி அச்சுப்போட விலைக்குக் கேட்கிறதாம். குப்பை என்ற வாயாலேயே இப்போது திருட்டு என்கிறார்கள்.

பிலிம் இல்லை அண்ணா. இதை எழுதக் கை வரவில்லை, ஆனால் சொல்லித்தான் ஆவணும் எழுதுடி என்கிறாள் அம்மா. போன வாரத்துக்கு முந்தி சூரிய கிரகணம் வந்ததே, அன்று நைனா பரணில் இருந்த பிலிம் கட்டை எடுத்து, ஆஸ்பத்திரி எக்ஸ்ரே போலக் கீது, கருப்பு பிலிமு வெச்சிப் பாத்தா கண்ணுக்கு ஒண்ணும் ஆவாதாம் என்று கத்தரியால் துண்டு துண்டாக வெட்டித் தெருவுக்கே கொடுத்தார். ஆளாளுக்கு வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று அவருக்கு இருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும். இன்று மாலை முழுக்க வீடு வீடாகப் போய்க் கேட்டேன், சிட்டம்மாள் தன் துண்டைக் கொட்டகை ஓட்டையில் செருகியிருந்தாள், இன்னாடி இன்னொரு கிரகணம் வருதா என்று சிரித்தாள். பாதிகூடச் சேரவில்லை. பாயில் பரப்பி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், ஒன்றில் குதிரையின் பின்பாதி, ஒன்றில் நீ எழுதிய அடப்பாவி. எதுவும் எதோடும் சேரவில்லை.

மேனேஜர் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பையன் வந்து ஒரு கையெழுத்து போட்டாப் போதும் பெரியவரே, கேஸே கிடையாது என்றார். நைனா நம்பிவிட்டார். அதே ஜீப்பில் ஏறிப் போய்த் தந்தி கொடுத்தார். ஆனால் போலீஸ்காரர் கொட்டகைப் பக்கம் தண்ணீர் குடிக்கும்போது டிரைவரிடம், பையன் வரட்டும், வாசல்லயே புடிச்சிக்கினு பூடலாம் என்று சொன்னது அம்மா காதில் விழுந்தது. நைனாவிடம் சொன்னாள். உனுக்கு இன்னா தெரியும், அவுரு எங்கையப் புடிச்சிச் சொன்னாரு என்று அதட்டிவிட்டுப் படுத்துவிட்டார். அவர்மேல் கோபப்படாதே, தான் வெட்டியதற்கு நீ மாட்டிக்கொள்வாயே என்ற பயத்தில்தான் இப்படிச் செய்கிறார். ஜீப் ஊரைவிட்டுப் போகவில்லை, பஸ் ஸ்டாண்டு எதிரில் நிற்கிறது, நானே பார்த்தேன்.

நான் செத்துட்டேன்னு யாராவது வந்து சொன்னாலும் வராதே, கொள்ளி வெக்கக்கூட வராதே என்று அம்மா சொல்கிறாள். இதை எழுத மாட்டேன் என்றேன். என் கையைப் பிடித்து எழுதவைக்கிறாள். பெங்களூரில் மாமா வீட்டுக்குப் போய்விட வேண்டுமாம். பட்டினி கிடக்காதே, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை, நேரத்துக்குத் தூங்கு. விடிந்ததும் முதல் பஸ் கண்டக்டர் பாண்டுரங்கனிடம் இதைக் கொடுக்கிறேன், தந்தியைப் பார்த்து நீ கிளம்புவதற்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும். அதையும் மீறி வந்தாயானால் பஸ் ஸ்டாண்டு வரை வராதே, திருப்புலிவனத்திலேயே இறங்கி வயல் வழியாக வா, வாசல் கதவைத் தட்டாதே, பின்பக்கக் கொட்டகைத் தகரத்தைத் தட்டு, நான் விழித்தே இருப்பேன். மறக்காதே, வாசல் கதவு வேண்டாம்.

நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் இரு என்று உன் தலையில் கை வைத்துச் சொல்வதாக நினைத்துக்கொள் என்கிறாள்.

இப்படிக்கு,
அம்மா ஆதிலட்சுமி
எழுதுவது தங்கை கனகா

அண்ணா, வாசல் கதவைத் தட்டுகிறார்கள். போலீஸ் என்றால் இவ்வளவு மெதுவாகத் தட்டமாட்டார்கள். நைனா எழுந்துவிட்டார். வெளியே யாரோ அழுதுகொண்டே, அம்மாவுக்கு எப்பிடிக் கீது என்று