கேணல் கழற்றிய சீருடை

கேணல் ஐயா,

நேற்று பேர்ன் நகரத்துப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் ரயில் ஏறியபோது, முகாமுக்குத் திரும்பும் பட்டாளத்துக்காரன் ஒருவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நனைந்த கம்பளிச் சீருடையின் மணம். வழக்கம்போல எழுந்து கதவோரம் போய் நின்றேன். கூடவே உங்கள் நினைவும் வந்தது.

உங்கள் வீட்டைத் துப்புரவு செய்ய வந்த முதல் வாரமே உங்கள் உத்தியோகக் கதை முழுவதையும் கேட்டுவிட்டேன். வாசலில் குலச்சின்னம் பொறித்த, பேர்ன் நகரத்துப் பழைய பிரபுக் குடும்பம். மூத்த ஆண்பிள்ளை பட்டாளத்துக்கு என்பது நீங்கள் பிறக்குமுன்பே முடிவான சங்கதி. முதல் உலகப்போரில் குதிரைமேல் எல்லைக்காவல். இரண்டாவதில் அதே எல்லையில் கேணல். உங்கள் நாடு எந்தப் பக்கமும் சேராததால் சண்டை மட்டும் வரவேயில்லை. "இரண்டு போர், ஒரு குண்டுகூடச் சுடவில்லை" என்று நீங்கள் பெருமூச்சு விட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சுடாமல் கிழவனானதற்கு ஒரு கவலையா? எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து என் தம்பியைச் சீருடைக்காரர்கள் இழுத்துப் போனதை அன்று நான் உங்களிடம் சொல்லவில்லை.

பிறகு எனக்கு அகதி விசாரணை வந்தது. நான் சொல்வதை நம்பினால் இங்கே இருக்கலாம். நம்பாவிட்டால் கொழும்புக்கு விமானம். "தனியாகப் போகாதே, நான் வருகிறேன்" என்றீர்கள். எனக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை என்று எண்ணி, பழைய சீருடையை எடுத்து, பொத்தான்களைத் துலக்கி, அணிந்து வந்தீர்கள்.

அடுத்த கதிரையில் நீங்கள். தம்பியை யார் கொண்டுபோனார்கள் என்று அதிகாரி கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மொழிபெயர்க்க வந்த யாழ்ப்பாணத்துப் பெண் தவித்துப்போனாள்.

"அண்ணை, ஏன் பேசாமல் இருக்கிறியள்? கதையுங்கோ. வாய் திறக்காட்டி பொய் எண்டுதான் எழுதுவினம்."

"ஏலாது தங்கச்சி. இந்த உடுப்புக்குப் பக்கத்திலை இருந்து எனக்குக் கதை வருகுதில்லை."

அவள் அதை அப்படியே ஜெர்மனில் சொல்லிவிட்டாள். நீங்கள் எழுந்தீர்கள். பொத்தான்களைக் கழற்றி, மேலங்கியை வெளியே வைத்துவிட்டு, வெறும் சட்டையோடு வந்து உட்கார்ந்தீர்கள். அதன்பிறகுதான் நான் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அனுமதி கிடைத்த செய்தியோடு ஓடி வந்தபோது நீங்கள் படுக்கையில் விழுந்திருந்தீர்கள். வாழ்த்தவில்லை. "இரண்டாவது போரில் உயிர் தப்ப எல்லை தாண்டி வந்தவர்களை நான்தான் விசாரித்தேன்" என்றீர்கள். "அந்தச் சீருடையில்தான். சிலர் வாயே திறக்கவில்லை. எதையோ மறைக்கிறார்கள் என்று திருப்பி அனுப்பினேன். அவர்களும் உன்னைப்போலப் பயந்துதான் இருந்தார்களா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சாகக் கிடக்கும் மனிதர், எனக்காக வந்தவர். ஆனால் அவர்களுக்காகப் பேச அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

"ஓம் ஐயா" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டீர்கள். நீங்கள் உறங்கும்வரை உங்கள் கையை நான் விடவில்லை. அந்தப் பதிலையும் இன்னும் விடவில்லை. இன்று நீங்கள் உயிரோடு எழுந்து வந்து திரும்பக் கேட்டாலும், அழுதுகொண்டே அதைத்தான் சொல்வேன்.