மூன்று பந்து காட்டி ஏய்த்த மேற்காவு அமைச்சருக்கு நெடுங்கரையின் மறுமொழி

நலம் நிலைக்க, மழை தவறாதிருக்க. பைம்புனல் ஆற்றின் கடைமடை முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆளும் நெடுங்கரை நாட்டரசி, நாரை இலச்சினைக்குரிய நன்முல்லைத் தேவியாரின் திருவாய்மொழிப்படி, அவர்தம் ஓலைநாயகமும் கோற்பந்துக் களத்தின் பொறுப்பாளனுமாகிய கீரன் எயினன், அதே ஆற்றின் தலைமடையில் வீற்றிருக்கும் மேற்காவு நாட்டுப் பேரமைச்சர், பல விருதுகளுக்கு உரியவரும் அவற்றுள் சிலவற்றுக்குத் தகுதியானவருமாகிய விண்ணன் காரியாருக்கு விடுக்கும் ஓலை. உம்முடைய மன்னரும், மனையாளும், மாடுகன்றும் நலமா என்று முறைப்படி வினவுகிறேன். உம்முடைய நலத்தை வினவவில்லை. அது பங்குனி உத்திரம் வரை மட்டுமே நீடிக்கும் என்பதை நான் அறிவேன்.

நம் இரு நாடுகளுக்கும் நடுவே உள்ள பெருமதகின் முறையை நினைவூட்டுகிறேன். பங்குனி உத்திரத்தன்று கோற்பந்துக் களத்தில் எவர் வெல்கிறாரோ, வெயில் காலத்து முதல் நாற்பது நாள் நீர் அவருடையது. தோற்றவர் மதகு திறக்கக் காத்திருக்க வேண்டும். தலைமடையில் இருக்கும் உமக்குத் தோல்வி என்றால் ஒரு போகம் தாமதம், அவ்வளவே. கடைமடையில் இருக்கும் எங்களுக்கோ அந்த நாற்பது நாளில் நாற்று கருகிவிடும். இதை அறிந்தே எங்கள் முன்னோர் ஆண்டுதோறும் ஆட்டக்காரரைத் தேடித்தேடிச் சேர்த்தனர். இதை அறிந்தே நீரும் என்னை ஏய்த்தீர்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், ஆட்டம் ஓய்ந்து ஆள்மாற்றுக்கு வாயில் திறந்திருந்த ஐப்பசியில், உம்முடைய தூதர் வந்தார். எங்கள் அடிவீரன் கொற்றனைத் தந்தால் உங்கள் எறிவீரன் தித்தனைத் தருவதாகச் சொன்னார். கொற்றன் கோலை ஓங்கினால் களத்தின் வேலிக்கு அப்பால் நிற்கும் மாட்டுக்காரரும் விலகி நிற்பர். ஆயினும் எங்களிடம் நல்ல எறிவோன் ஒருவனும் இல்லாத குறையால் நான் இசைந்தேன். முறைப்படி மாற்றுக்கு வரும் எறிவோன் மூன்று பந்து எறிந்து காட்ட வேண்டும். நீரும் உடனிருக்கத் தித்தன் எறிந்தான். மூன்றும் காற்றைக் கிழித்துச் சென்றன. நான்காவது பந்தைக் கேட்க நான் வாய் திறந்தேன். நீர் வெற்றிலைத் தட்டை நீட்டினீர். தட்டை மறுப்பது அவையில் அவமதிப்பு, எடுத்தால் பேச்சு முடிந்தது என்பது வழக்கு. நான் எடுத்தேன். என் வாழ்நாளில் அத்தனை கசப்பான வெற்றிலையை நான் மென்றதில்லை. ஆனால் அன்று அது இனித்தது, அதுதான் என் வெட்கம்.

தித்தனின் தோள் அதற்கு இரு திங்களுக்கு முன்பே இற்றுப்போயிருந்தது. விடியல் முதல் ஆமணக்கிலை சுட்டு ஒத்தடமிட்டு, மரத்துப்போகும் களிம்பு பூசி, மூன்று பந்துக்கு மட்டும் அந்தத் தோளை நிறுத்தி வைத்தீர். இதை அவனே எங்கள் மருத்துவர் முன் அழுதபடி சொன்னான். எறியாவிட்டால் தன் தம்பியைக் களத்திலிருந்து விலக்குவதாக நீர் மிரட்டியதையும் சொன்னான். அவன்மேல் எனக்குச் சினமில்லை. இன்றும் அவன் எங்கள் சோற்றைத்தான் உண்கிறான், எங்கள் பந்துகளைத் தைத்துத் தருகிறான்.

பங்குனியில் நடந்தது உமக்கு மறந்திராது. ஏழாவது பந்தில் தித்தன் தோளைப் பிடித்துக்கொண்டு மண்ணில் அமர்ந்தான். மாற்று எறிவோனின் பந்தை எங்கள் கொற்றனே, உம்முடைய நிறம் உடுத்து, வேலிக்கு வெளியே அடித்தான். அடித்தபின் அவன் தலை நிமிரவில்லை என்பதை நான் கண்டேன். நீர் மட்டும் எழுந்து நின்று கைகொட்டினீர். அதன்பின் நாற்பது நாள் மதகு மூடியிருந்தது. கடைமடையில் வயல் பாளம் பாளமாக வெடித்தது. எங்கள் உழவர் அந்த வெடிப்புக்கு என் பெயரை வைத்தார்கள். வயலில் எயினன் விழுந்திருக்கிறான் பார் என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். முத்திரை மோதிரத்தைக் கழற்றித் தேவியார் திருவடியில் வைத்தேன். அவர் அதை எடுத்துத் திரும்ப என் கையில் இட்டு, தொலைத்தவனே தேடித் தரவேண்டும் என்று மட்டும் மொழிந்தார். அன்று முதல் நான் உம்மை நினைக்காத பொழுது ஒன்றும் இல்லை, காரியாரே.

இவ்வாண்டு ஐப்பசியில் நீரே எனக்கு வழி திறந்தீர். பதினான்கு ஆண்டு உம்முடைய எறிவீரர்க்குப் பின்காவலராக, அடிப்போனுக்குப் பின்னே குந்தியிருந்து ஒவ்வொரு பந்துக்கும் விரலால் குறி காட்டி வந்தவர் அந்துவனார். தவணை முடிந்த ஆட்டக்காரரின் மணிக்கட்டில் நாட்டின் பெயரால் கட்டிய காப்புநாணைக் கையால் அவிழ்த்து, ஆடை அளித்து, இனி எந்நாட்டுக்கும் செல்லலாம் என்று வாழ்த்தி அனுப்புவதே முறை. நீரோ அந்த இடத்தில் உம்முடைய தமக்கை மகனை அமர்த்த அவசரப்பட்டு, நிறைந்த அவையில் அவருடைய நாணைப் பாக்குவெட்டியால் நறுக்கினீர். அவர் எழும்போது முழங்கால் முறியும் ஓசை மேல்மாடம் வரை கேட்கிறது என்று சொல்லிச் சிரித்தீராம். ஆடையும் அளிக்கவில்லையாம். அவர் மூன்று நாள் மழையில் நடந்து எங்கள் துறைக்கு வந்தார். வேறிரு நாடுகள் நிலமும் தோப்பும் தருவதாக ஆளனுப்பின. நான் எதுவும் தருவதாகச் சொல்லாமல் துறைக்கு நேரில் போய் நின்றேன். மேற்காவு ஆடும் களத்தில் ஓரிடம் போதும் என்றார் அவர். அவர் கையில் எங்கள் நாண் ஏறியது.

இனி உமக்கு உறக்கம் கெடும் செய்தியைச் சொல்கிறேன். உங்கள் நாட்டுக் கைக்குறிகள் கொற்றவை முன் சூளுரைத்து வகுக்கப்படுபவை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறையன்றி மாற்றலாகாது. நெடுங்கரைக் குறி காற்றில் மாறும், மேற்காவுக் குறி கல்லில் நிற்கும் என்று எத்தனை விருந்தில் நீர் பெருமை பேசியிருக்கிறீர். அந்தச் சூளில் இன்னும் ஐந்தாண்டு மீதமிருக்கிறது. அக்குறிகள் அனைத்தையும் அறிந்த விரல்கள் இப்போது எங்கள் களத்தில் இருக்கின்றன. மாற்றினால் உம்முடைய மன்னர் தெய்வத்தின் முன் பொய்த்தவராவார். மாற்றாவிட்டால் உம்முடைய எறிவோன் ஒவ்வொரு பந்துக்கும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பான். உம்முடைய மருமகனோ பழைய குறிகளையே இன்னும் சரிவரப் பயிலவில்லை என்று கேள்விப்படுகிறேன்.

ஒன்றை மறைக்க மாட்டேன். அக்குறிகளை நான் அந்துவனாரிடம் கேட்டேன். இரண்டு முறை கேட்டேன், இரண்டாம் முறை கெஞ்சினேன். அவர் மறுத்தார். அறுந்தது நாண்தான், கொற்றவை அன்னை முன் சொன்ன சொல் அறவில்லை என்றார். நெடுங்கரை எறிவோனுக்காக என் முழங்கால் தாங்கும்வரை குந்துவேன், இதை மட்டும் மூன்றாம் முறை கேட்டால் வந்த துறைக்கே திரும்புவேன் என்றார். அன்று முழுதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கைக்கு வந்த பழி வாய்க்கு எட்டவில்லையே என்று வெந்தேன். பிறகுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. அவர் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அவர் உங்கள் கண்ணில் படும்படி அங்கே குந்தியிருந்தால் போதும்.

ஆகவே நாரை இலச்சினையின்மேல் ஆணையிட்டு எழுதுகிறேன். அந்துவனார் ஒரு குறியும் சொல்லவில்லை. எங்கள் அடிவீரர் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. இது முழு உண்மை. நீர் இதை நம்பப்போவதில்லை, உம்முடைய மன்னரும் நம்பமாட்டார், உம்முடைய எறிவோன் கனவிலும் நம்பமாட்டான். நாண் நறுக்கி விரட்டப்பட்ட ஒருவன் வாய் மூடியிருப்பான் என்று நம்ப, உங்கள் அவையில் அப்படிப்பட்ட ஒருவராவது மிஞ்சியிருக்க வேண்டும். இருந்த ஒருவரை நீர் எனக்கு அனுப்பிவிட்டீர்.

தை முதல் நாள் ஆள்மாற்றின் வாயில் அடைபடும். அதற்குள் கொற்றனைத் திருப்பித் தருவதாக எவரையும் அனுப்பவேண்டா. அவனை நான் களத்தில்தான் சந்திக்க விரும்புகிறேன், அவன் தோற்று அழுதால் அணைத்துக்கொள்ளவும் விரும்புகிறேன். உத்திரத்தன்று பெருமதகின் திறவுகோலை எண்ணெயிட்டுக் கொண்டு வருக.

மார்கழி இருபத்திரண்டாம் நாள், நெடுங்கரைக் கோயிலவையில் எழுதி, நூல் சுற்றி, அரக்கிட்டு, நாரை பதித்தது. இவ்வோலையை நிறைந்த அவையில், உம்முடைய மன்னரும் எறிவீரரும் தமக்கை மகனும் கேட்க, முதல் வரி தொடங்கி உரத்துப் படிப்பிக்க வேண்டும் என்பது தேவியாரின் ஆணை. அந்துவனார் ஒரு குறியும் சொல்லவில்லை என்னும் வாசகத்தை மட்டும் இருமுறை படிப்பிக்கவும்.