ஒரு சாண் கறுப்பு வயர்

அன்புள்ள இன்ஸ்பெக்டர் அம்மாளுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. நான் நலமா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். உன் அக்காவுக்கு இடுப்பில் வைத்த பிளேட் சேர்ந்துவிட்டதா, வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரைக்குமாவது நடக்கிறாரா என்று எழுது. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. இனி நான் கோபப்படலாம்.

போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீ “என்னங்க” என்று ஒரு இழுப்பு இழுப்பாய், நான் பாதியில் குளிர்ந்துபோவேன். முப்பத்திரண்டு வருஷமாக அதுதானே நடக்கிறது. அதனால்தான் பேப்பரும் பேனாவும். இதில் குறுக்கே பேச உனக்கு வழியில்லை.

கண்டுபிடித்துவிட்டேன். ஐந்து மாதமாகக் கிழவன் ஏன் கிளம்பவில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன்.

என்னைவிட இரண்டு வயது மூத்த மோட்டார் சைக்கிளுக்குக் கிழவன் என்று பேர் வைத்ததே நீதான். நீ உன் அக்கா வீட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் அவன் படுத்தான். எத்தனை உதைத்தாலும் ஒரு இருமல்கூட இல்லை. பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்து உதைத்துப் பார்த்தேன், பொட்டுத் தீப்பொறி இல்லை. உன்னிடம் போனில் புலம்பினேன். “பிளக்கை மாத்திப் பாத்தீங்களா?” என்றாய். மாற்றினேன். அடுத்த வாரம், “கண்டென்சரா இருக்குமோ?” என்றாய். அதையும் மாற்றினேன். அதற்கடுத்த வாரம், “பாயின்ட்ல கரி புடிச்சிருக்கும், நல்லா தேய்ச்சு விடுங்க” என்றாய். விரல் நுனி கறுத்துப்போகும்வரை தேய்த்தேன். அக்காவுக்கு மாத்திரை கொடுக்கிற நேரத்திலும் என் வண்டியை நினைத்துக்கொண்டிருக்கிறாளே, இவளல்லவோ மனைவி என்று உருகினேன். மடையன்.

பிறகு, பிளக்குக்குத் தீப்பொறிக் கரண்ட் அனுப்புகிற காயில். சாவியைப் போட்டு இரண்டு நிமிஷத்தில் தொட்டால் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் சோதித்துப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றார். நான் நம்பவில்லை. புதுக் காயில் வாங்கிப் போட்டேன், அதுவும் கொதித்தது. போலிச் சரக்கை என் தலையில் கட்டிவிட்டாய் என்று கடையில் நாலு பேர் பார்க்கக் கத்தினேன். இருபது வருஷப் பழக்கம். பாவம், அந்த மனுஷன் பொறுமையாகத்தான் சொன்னார். “அண்ணே, காயில் மேல தப்பில்ல. எங்கயோ வயர் பாடியில பட்டு எர்த் ஆகுது. வயர்க் கட்டு மேல தைச்ச உறையப் பிரிச்சு உள்ள பாருங்க.” அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “என் கையால சுத்துன வயரு, என் பொண்டாட்டி தைச்சுக் குடுத்த உறை. அதுல குத்தம் சொல்ல நீ யாருய்யா?” உனக்காக வரிந்துகட்டிக்கொண்டு சண்டை போட்டேன் அம்மா! அதோடு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றது.

கடைசியில் எலக்ட்ரானிக் இக்னிஷனும் வரவழைத்தேன். பாயின்ட்டைத் தேய்க்கும் வேலையே கிடையாது, ஒரு காந்தம், ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். என் உயிர் இருக்கும்வரை அந்தப் பெட்டி இந்த வண்டிக்குள் நுழையாது என்று சொன்னவன் நான். மானத்தை விட்டு அதையும் பொருத்தினேன். நீ போனில் “ஐயோ, அதுக்குமா சரியாகல?” என்று கேட்டபோது உன் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. உனக்கும் என்னைப் போலவே மனசு உடைந்துவிட்டது என்று நினைத்து நான் உனக்கு ஆறுதல் சொன்னேன். நன்றாகச் சிரித்தாயா?

போன ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில்லாமல் கடைக்காரர் சொன்னதைச் செய்தேன். பெட்டியிலிருந்து காயிலுக்குப் போகும் வயரின் இரண்டு முனைகளையும் கழற்றித் தொங்கவிட்டு, வண்டியின் பாடிக்கும் வயருக்கும் நடுவே பாட்டரியோடு ஒரு பல்பைக் கொடுத்தேன். எரியக் கூடாது. எரிந்தது, அப்படியென்றால் வயர் எங்கோ பாடியைத் தொடுகிறது. டேங்க்கைக் கழற்றி, பத்து வருஷத்துக்கு முன் நீ தைத்த உறையைப் பார்த்தேன். பாதி உறையில் நூல் பழசு, ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் நூல் புதுசு. தையல் உன் தையல். முடிச்சும் உன் முடிச்சு.

உள்ளே ஒரு சாண் கறுப்பு வயர். ஒரு நுனி காயில் வயரோடு சால்டர் வைத்து ஒட்டியிருக்கிறது. மறு நுனி பாடியில் ஒரு போல்ட்டுக்கு அடியில். அது அங்கே இருக்கும்வரை நான் தலைகீழாக நின்றாலும் தீப்பொறி வராது. போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, பித்தளை வாஷர் வேறு போட்டிருக்கிறாய். “எர்த் எடுக்கும்போது பெயின்ட்டச் சுரண்டணும்” என்று உன் காதுபடத்தானே இத்தனை வருஷம் கத்திக்கொண்டிருந்தேன். நீ டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விடுகிறாய் என்று நினைத்தேன். நீ தொழில் கற்றுக்கொண்டிருந்திருக்கிறாய். என்னுடைய சால்டரைவிட உன்னுடையது சுத்தமாக இருக்கிறது, வயிற்றெரிச்சல் அதுதான். முப்பது வருஷமாக ஊரில் உள்ள லிப்ட் எல்லாம் ரிப்பேர் பார்க்கிறவன் தலையில் வீட்டுக்குள்ளேயே மிளகாய் அரைத்திருக்கிறாய்.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று இந்த இடத்தில் எழுதப் போனேன்.

சொன்னாய். நான் குளியலறையில் மயங்கி விழுந்த அன்று, இனி வண்டியைத் தொடாதீர்கள் என்று சொன்னாய். ரவுண்டானாவில் வண்டியோடு சாய்ந்து, யாரோ என்னை நடைபாதையில் உட்காரவைத்துவிட்டு உனக்குப் போன் செய்த அன்றும் சொன்னாய். டாக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்ட் சீட்டை பிரிட்ஜ் கதவில் ஒட்டினாய், நான் அதன் மேல் காலண்டரை மாட்டினேன். சாவியை ஒளித்தாய், நான் வேறு சாவி செய்துகொண்டேன். அழுதாய், நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். இதற்கெல்லாம் பிறகுதான் சால்டரிங் அயர்னை எடுத்திருக்கிறாய்.

அந்த டெஸ்ட்டுக்கு நான் ஏன் போகவில்லை என்று உனக்கும் தெரியும். ரிப்போர்ட்டில் ஏதாவது வந்தால் கம்பெனியில் என்னை லிப்ட் குழிக்குள் இறங்க விடமாட்டார்கள். ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, புகார் போன்களை எடுக்கச் சொல்வார்கள். கதவு சரியாக மூடாத லிப்ட்டை யாராவது வயரைப் போட்டு ஏமாற்றி ஓட்டியிருந்தால், அவர்களை நிற்கவைத்துத் திட்டுகிற ஆள் நான். என் விஷயத்தில் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தேன். லிப்ட் இன்ஸ்பெக்டர் மாதிரி வந்து நிறுத்திவைத்தது நீதான்.

இன்னொன்று. இதை நீ உட்கார்ந்துகொண்டு படி. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, புதுப் பெட்டி பொருத்திய தைரியத்தில், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வண்டியை உதைத்தேன். பத்து உதையோ பன்னிரண்டோ. பிறகு நினைவில்லை. கண்ணைத் திறந்தபோது தலைக்கு மேல் நம் மாடிப்படியின் அடிப்பாகம் தெரிந்தது, முழங்கை எரிந்தது. உதைத்த களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ்ஸில் வேலைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் வயரைப் பார்த்ததும் அதை அறுக்கத்தான் கட்டிங் பிளேயரை எடுத்தேன். கை வயர் வரைக்கும் போய்விட்டது. அப்போதுதான் கணக்குப் போட்டேன். செவ்வாய்க்கிழமை முதல் உதையிலேயே அவன் கிளம்பியிருந்தால், நான் மயங்கிய அந்த நேரம் ரவுண்டானாவில் இருந்திருப்பேன். எட்டே காலுக்கு அங்கே ஸ்கூல் வேன் வரிசையாக நிற்கும். பிளேயரைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

வயர் அங்கேயேதான் இருக்கிறது. உறையை நானே தைத்து மூடினேன். என் தையலைப் பார்த்தால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். நடந்ததைச் சொன்னதும் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அண்ணியக் கடைக்கு வேலைக்கு வரச் சொல்லுங்கண்ணே” என்கிறார். மேனேஜரிடமும் சொல்லிவிட்டேன், டெஸ்ட் முடியும்வரை குழிக்குள் இறங்கவில்லை. இரண்டு நாளாகப் போன்தான் எடுக்கிறேன். எடுத்தவுடன் திட்டுகிறார்கள் அம்மா, ஒருவர்கூட வணக்கம் சொல்வதில்லை.

நான் நலமாக இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதுமா?

அடுத்த வாரம் வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு டெஸ்ட். தலை முழுக்க வயர் ஒட்டிப் பார்ப்பார்களாம். எந்த வயர் எங்கே போகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள எனக்குத் தெரிந்த ஒரு எலக்ட்ரீஷியன் வேண்டும். உன் அக்காவிடம் இரண்டே நாள் லீவு கேட்டுப் பார். பஸ் நிலையத்துக்கு உன்னை அழைக்க வருகிறேன், நடந்துதான்.

அக்காவுக்கு என் வணக்கம்.

கோபம் இன்னும் தீராத
உன் வீட்டுக்காரன்