சாமிப்படத்துக்குப் பின்னால் இருந்த உறை

அம்மா, போன வாரம் தூசி தட்டச் சாமிப்படத்தை எடுத்தபோது பின்னாலிருந்து ஒரு பழுப்பு உறை விழுந்தது. திருநீறும் ஊதுபத்தியும் மணத்தது. தம்பி மணியனுடைய ரத்தப் பரிசோதனைத் தாள். கோளாறு உன் பக்கத்திலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கும் தாளை நீ பிரசாதம்போல வைத்திருந்தாய். உனக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்த நான் பொய் சொல்லியிருந்தேன்.

அப்போது பதினாறு வயதாகியும் மணியன் யார் முகத்தையும் பார்க்கமாட்டான். பஸ் ஹாரன் கேட்டால் தன் கையையே கடிப்பான். அவன் வயிற்றிலிருந்தபோது கிரகணத்தன்று நீ முற்றத்தில் இறங்கியதால் வந்த வினை என்று அத்தை ஊரெல்லாம் சொன்னாள். நீ கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டாய்.

திருவனந்தபுரத்து டாக்டர் எனக்குப் பொறுமையாகத்தான் விளக்கினார். எக்ஸ் குரோமோசோமின் நுனியில் ஓர் ஒடிசல். அதனால் மூளையின் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்வது ஒழுங்காக நடப்பதில்லை. மகனுக்கு அந்தக் குரோமோசோம் அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். சித்தி, அவள் மகள் பிந்து, நான், எல்லோரும் ரத்தம் கொடுத்துப் பார்க்கவேண்டும் என்றார். இதில் யார் குற்றமும் இல்லை என்றும் சொன்னார். அதை அத்தையிடம் யார் சொல்வது? திரும்பும் வழியில், பாறசாலையில் பஸ் மாறும்போது நீ ஹாரன் கேட்காத தூரத்தில் மணியனைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

“எனக்க கொழப்பமா மக்கா?” குறை உன்னுடையதா என்று கேட்டாய்.

“இல்லம்மா. அப்பா வழியாக்கும்.”

அப்பா இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. செத்தவருக்கு என்ன கேடு என்று நினைத்தேன். மெல்லப் பிறகு சொல்லலாம் என்றும் நினைத்தேன். நீயோ மறுநாளே காரோட்டில் சித்தி வீட்டுக்குப் போய், இது நம்ம பக்கத்துக் கோளாறு இல்லை, தைரியமாகப் பிந்துவுக்கு மாப்பிள்ளை பார் என்று அவளிடம் சொல்லிவிட்டாய். பிந்துவின் கல்யாணப் பந்தியில் அத்தைக்கு எதிரிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தாய். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல, நீ கண்ணை மூடும்வரை வாயைத் திறக்கவில்லை. நீ போன பிறகும் திறக்கவில்லை. என் ரத்தத்தைக் கொடுக்கவும் இல்லை, வந்த வரனுக்குச் சம்மதிக்கவும் இல்லை.

உறை விழுந்த மறுநாள் அதை எடுத்துக்கொண்டு காரோட்டுக்குப் போனேன். பிந்து மறுபடி நாலு மாதக் கர்ப்பம். அவளுடைய மூன்று வயது மகன் சுவரைப் பார்த்துக் கையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“மணியன மாதிரியே இருக்கான் அக்கா. ஆனா பெரியம்ம சொன்னாவளே, நம்ம பக்கம் இல்லன்னு.”

உறையைக் காட்டி உண்மையைச் சொன்னேன். அவள் கத்தவில்லை.

“பெரியம்மைக்க மனசு நோவாம இருக்க, எனக்க பிள்ளைக்க காரியத்த மறச்சிட்டியளா?”

 

நாளைக் காலை இருவரும் ரத்தம் கொடுக்கப் போகிறோம். அவள் என்னோடு பேசுவதில்லை. வருவதாகச் சித்தியிடம் சொல்லியனுப்பினாள். உறையை அவளிடமே கொடுத்துவிட்டேன். அது அப்பா வழி இல்லை என்று அடுத்து அத்தையிடமும் போய்ச் சொல்லவேண்டும். அந்தப் பந்தியில் நீ இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கினாய். அந்த நினைவை மட்டும் யாரிடமும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.